மரத் தரை: ஈரம், விரிசல், விரிவு - வாசகர் கேள்விகளும் பதில்களும்

மரத் தரை பற்றி இம்முறை வந்த கேள்விகள் பல விதம். ஆனால் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான்: பலகைக்குள்ளும் அதன் அடியிலும் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

கேள்வி: பலகைகள் வந்து இறங்கிவிட்டன. மூன்று நாள் அறையில் கிடந்தால் போதும் என்கிறார் விற்றவர். இரண்டு வாரமாவது வேண்டும் என்கிறார் ஆசாரி. யார் சொல்வதைக் கேட்பது?

இருவரையும் விட்டுவிட்டு ஈர மீட்டரைக் கேளுங்கள். மரம் சுற்றியிருக்கும் காற்றோடு சமநிலைக்கு வரும்வரை ஈரத்தை வாங்கும், அல்லது விடும். சாதாரண அறை வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் மரத்தின் ஈர அளவு சுமார் 6 சதவீதத்தில் நிற்கும். 50 என்றால் 9, 80 என்றால் 16. உங்கள் அறை ஆண்டு முழுதும் எந்த எண்களுக்கு நடுவில் ஊசலாடுகிறதோ, அதன் மையத்துக்குப் பலகை வந்திருக்க வேண்டும். அது இரண்டு நாளிலும் நடக்கலாம், ஒரு மாதமும் ஆகலாம். ஏற்கெனவே அந்த அளவில் வந்திறங்கிய பலகையைக் காக்க வைப்பதில் பயனே இல்லை.

இன்னொன்று. சுவர்ப்பூச்சும் பெயின்டும் முடிந்து, கதவு ஜன்னல் மாட்டி, நீங்கள் குடியிருக்கும்போது ஏசியோ ஹீட்டரோ எப்படி ஓடுமோ அப்படி ஓடிக்கொண்டிருக்கும் அறையில்தான் பலகையை அடுக்க வேண்டும். பூச்சு காயாத அறையில் அடுக்கினால் அது சுவரின் ஈரத்தைத்தான் குடிக்கும். பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, அடுக்குகளுக்கிடையே சட்டங்கள் வைத்துக் காற்றோட்டம் விடுங்கள். ஒரே கட்டிலிருந்து அல்லாமல் பல கட்டுகளிலிருந்து பலகை எடுத்து அளக்க வேண்டும். மீட்டரில் மர வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் எண்ணே தப்பாக வரும்.

அடித்தளம் பிளைவுட் என்றால் அதையும் அளந்துவிடுங்கள். பலகைக்கும் அதற்கும் உள்ள ஈர வித்தியாசம், 75 மில்லிமீட்டருக்குக் குறைந்த அகலப் பலகையில் 4 சதவீதப் புள்ளிகளையும், அதைவிட அகலமானதில் 2 புள்ளிகளையும் தாண்டக்கூடாது.

கேள்வி: சுவரோரம் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? நீளவாட்டில் அதிகமா, அகலவாட்டில் அதிகமா?

அகலவாட்டில்தான் கவனம் வேண்டும். ரேகையின் போக்கில் மரம் அநேகமாக அசைவதே இல்லை. குறுக்கேதான் விரிந்து சுருங்கும். கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்கு இணையாகக் கிடக்கும்படி அறுத்த ரெட் ஓக், ஈர அளவு ஒரு புள்ளி மாறினால் அகலத்தில் ஏறக்குறைய 0.37 சதவீதம் மாறும். 125 மில்லிமீட்டர் பலகையில் 4 புள்ளி ஏறினால் 1.8 மில்லிமீட்டர். பார்க்கச் சிறியதுதான். ஆனால் 4 மீட்டர் அகல அறையில் எல்லாப் பலகைகளையும் கூட்டினால் 59 மில்லிமீட்டர் வருகிறது!

ஆணியும் பசையும் பலகைகள் ஒன்றையொன்று நெருக்குவதும் இதில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் 19 மில்லிமீட்டர் தடிமனுள்ள திட மரத்துக்கு அதே 19 மில்லிமீட்டர் இடைவெளி வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் மேலே உள்ள கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது: மிகக் காய்ந்த பலகையைப் போட்டுவிட்டு, ஓரத்து இடைவெளி காப்பாற்றும் என்று நம்ப முடியாது. அகலம் 6 மீட்டரைத் தாண்டும் அறையில், நடுவிலிருந்து தொடங்கி இருபக்கமும் போடுங்கள். விரிவு பாதிப் பாதியாகப் பிரியும். வளையங்கள் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை பாதிக்கும் குறைவாகவே அசையும். விலை கூடுதல்தான், ஆனால் ஈரம் ஏறி இறங்கும் இடத்தில் நான் அதைத்தான் சொல்வேன்.

ஸ்கர்ட்டிங்கை, அதாவது சுவரின் அடியோரப் பட்டையை, சுவரில் மட்டும் அடிக்க வேண்டும். தரையோடு சேர்த்து அடித்துவிட்டால் இடைவெளி விட்டதே வீண்.

கேள்வி: கான்கிரீட் தளம் வெள்ளையாகக் காய்ந்து தெரிகிறது. நேரடியாகப் போடலாமா?

கூடாது. முதலில் காய்வது மேல்பரப்புதான். உள்ளே ஈரம் நிற்கும். கட்டடம் மூடப்பட்ட பிறகு 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் சொல்லும் தோராயக் கணக்கு. 100 மில்லிமீட்டர் தளத்துக்கு நாலு மாதம் ஆகிறது. பிளாஸ்டிக் தாளை ஒட்டிவைத்துப் பார்க்கும் சோதனையில் நீர்த்துளி தெரிந்தால் ஈரம் உண்டு என்பது உறுதி. தெரியாவிட்டால் எதுவும் உறுதியில்லை.

நம்பகமானது, தளத்துக்குள் துளையிட்டு ஈரப்பதம் அளக்கும் ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் எஃப் 2170 முறை. ஒரு பக்கம் மட்டும் காயும் தளத்தில், தடிமனின் 40 சதவீத ஆழத்தில் உணரியை வைப்பார்கள். அங்கே கிடைக்கும் எண்ணைப் பசைத் தயாரிப்பாளர் தந்திருக்கும் வரம்போடு ஒப்பிடுங்கள். மண்மேல் கிடக்கும் தளம் என்றால் கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். ஈரத் தடுப்புப் படலம் இல்லாமல் போடவே வேண்டாம். மரத்துக்கான மீட்டரைக் கான்கிரீட்டில் குத்திப் பார்க்கிறவர்களும் உண்டு. அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

கேள்வி: வறண்ட மாதங்களில் பலகைகளுக்கு நடுவே இடுக்கு விழுகிறது. பட்டி வைத்து அடைத்துவிடட்டுமா?

வேண்டாம். ஈரம் திரும்பும்போது பலகைக்கு அந்த இடம் வேண்டும். அடைத்தால் பட்டி பிதுங்கி வெளியே வரும், இல்லாவிட்டால் பலகையின் ஓரம் நசுங்கும். நசுங்கிய ஓரம் பழைய அகலத்துக்குத் திரும்பாது. அடுத்த வறட்சியில் இடுக்கு இன்னும் பெரிதாகும். ஈரக் காலம் வந்தும் மூடாத இடுக்கை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: பலகைகளின் ஓரம் எழும்பி, நடு குழிந்து, கிண்ணம்போல ஆகிவிட்டன. தேய்த்துச் சமப்படுத்திவிடலாம் என்கிறார்கள்.

இப்போது தேய்க்க விடாதீர்கள். அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட ஈரமாக இருந்தால்தான் இப்படி வளையும். குழாய்க் கசிவா, காயாத தளமா, தரைக்கடியில் காற்றோட்டம் இல்லையா என்று பார்த்து அதை முதலில் சரிசெய்யுங்கள். எழும்பிய ஓரத்தை இப்போதே தேய்த்துத் தள்ளிவிட்டால், பின்னால் அடி காய்ந்து பலகை நேராகும்போது ஓரம் தாழ்ந்து நடு புடைத்து நிற்கும். அதைச் சரிசெய்ய இன்னொரு முறை மரத்தை இழக்க வேண்டும். நீண்ட ஊசி மீட்டரால் மேலும் கீழும் அளந்து, எண்கள் ஏறக்குறைய ஒன்றாகும்வரை பொறுங்கள். லேசான வளைவு பல நேரம் தானாகவே படிந்துவிடும்.

கேள்வி: நாலு கோட் பாலியூரித்தேன் அடித்தால் ஈரம் உள்ளே போகாதல்லவா?

போகும், மெதுவாக. சிந்திய தண்ணீரைத் துடைக்க அவகாசம் தரும், அவ்வளவே.

கேள்வி: என்ஜினியர்டு பலகைக்கும் இத்தனை கவலை தேவையா?

குறைவாகத் தேவை. மெல்லிய மர அடுக்குகளை ஒட்டிச் செய்த பலகை அது. அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றின் அசைவை மற்றது பிடித்து நிறுத்துகிறது. ஆனால் ஒட்டாமல் மிதக்கவிடும் முறையில் போட்டால் முழுத் தரையும் ஒரே துண்டாக நகரும். அதன்மேல் சமையலறை அலமாரிகளை நிறுத்தி ஒரு பக்கத்தைப் பிணைத்துவிட்டால், எதிர்ப்பக்கம் இணைப்புகள் பிரியும். அலமாரியை முதலில் நிறுத்திவிட்டு, அதன் ஓரம்வரை தரையைக் கொண்டுபோய் அங்கேயும் இடைவெளி விடுங்கள்.