நடந்தால் கெண்டைக்கால் வலி: அப்பாவைப் பழனிக்கு நடக்க விடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. பல வருடமாகச் சுகர் இருக்கிறது, பீடியும் குடிப்பார். தைப்பூசத்துக்குத் தேவகோட்டையிலிருந்து பழனிக்கு நடந்து போவது வழக்கம். சில மாதங்களாகக் கடைவீதி வரை போவதற்குள் இடது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது. வாயு என்று தைலம் தேய்த்துக்கொள்கிறார். இந்த வருடம் அனுப்பலாமா?

பதில்: பரிசோதிக்காமல் அனுப்பாதீர்கள். நடந்தால் வந்து, நின்றால் போகும் கெண்டைக்கால் வலி, காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு இருப்பதற்கான அடையாளம். நடக்கும்போது தசைக்குக் கூடுதல் ரத்தம் தேவை. அடைத்த குழாயால் அதைக் கொடுக்க முடியவில்லை. முதுகுத்தண்டு நரம்பு அழுந்தினாலும் இப்படி வலிக்கும். ஆனால் அது சும்மா நிற்பதால் குறையாது, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் குறையும்.

முதல் சோதனை எளிது. கணுக்கால் பிபியைக் கை பிபியால் வகுப்பார்கள். 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்புதான். சுகர்காரர்களுக்குக் குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால், அடைப்பு இருந்தும் அளவு சரியாக இருப்பது போலக் காட்டலாம். 1.40-க்கு மேலேகூடப் போகும். அப்போது கால் பெருவிரலில் அளக்கச் சொல்லுங்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் தேவைப்படலாம்.

காலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். அடைப்பை உண்டாக்கும் இதே கொழுப்புப் படிவு இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாய்களிலும் இருக்க வாய்ப்பு அதிகம். இவர்களில் காலை இழப்பவர்களைவிட மாரடைப்பில் போகிறவர்களே அதிகம். அதனால் ஈசிஜி, எக்கோ பார்த்துவிடுங்கள். கொழுப்பைக் குறைக்க ஸ்டேட்டின், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோகிரெல் தருவார்கள். வலி நின்றதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பீடியை "குறைத்துக்கொள்கிறேன்" என்பார். அது போதாது, அடியோடு விட வேண்டும்.

இதற்கு நடையே நல்ல மருந்து என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள். டாக்டர் சம்மதித்த பிறகு, ஊருணியைச் சுற்றி வலி நன்றாகத் தெரியும் வரை நடக்கட்டும். நின்று, வலி போனதும் மறுபடி நடக்கட்டும். ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாளாவது, 12 வாரம். பலருக்கு வலியில்லாமல் நடக்கும் தூரம் நன்றாகவே கூடும்.

பாதயாத்திரை வேறு. வெறுங்காலில் நாள் கணக்காக நடந்தால் கொப்புளம் வரும். சுகரால் உணர்ச்சி மங்கிய காலில் அது தெரியாது, ரத்தம் போகாத காலில் அது ஆறாது. விரலை எடுக்கும் நிலை பெரும்பாலும் இப்படிச் சின்னப் புண்ணில்தான் ஆரம்பிக்கிறது. வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துவிடும். வேண்டுதல் விட்டுப்போகிறதே என்று மனம் வாடுவார். இந்த வருடம் பஸ்ஸில் பழனிக்குப் போய்க் கும்பிடட்டும், வழியில் அன்னதானத்தில் உட்கார்ந்து பரிமாற உதவட்டும்.

ராத்திரி படுத்தால் பாதம் வலித்து, காலைத் தொங்கப்போட்டால் குறைகிறதா? விரல் கறுக்கிறதா, புண் ஆறவில்லையா? தாமதிக்காமல் மதுரையில் ரத்தநாள அறுவை மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று கால் சில்லிட்டு வெளுத்து, கடுமையாக வலித்து, மரத்துப்போனால் 108-ஐ அழையுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைத் திறந்தால்தான் காலைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். வண்டி வரும்வரை காலைத் தூக்கி வைக்காதீர்கள், தேய்த்தும் விடாதீர்கள்.