மாதாமாதம் வரும் மார்பு வலி: மருந்தாளர் அக்காவிடம் கேளுங்கள்

சிங்கப்பூரில் பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருந்து முகப்பில் 26 ஆண்டு நின்றவள் நான். மருத்துவர் இல்லை, மருந்தாளர். பீரியட்ஸுக்கு ஒரு வாரம், பத்து நாளைக்கு முன்பே இரண்டு மார்பும் கனத்து, அக்குள்வரை இழுத்து, பீரியட்ஸ் வந்ததும் தணிகிற வலிக்கான மருந்துகளைப் பற்றி மட்டும் இன்று கேளுங்கள்.

ஈசூன் வாசகி, 34 வயது: அக்கா, எந்த மாத்திரை நல்லது?

முதலில் காலண்டர். ஒருமுறை ஒரு பெண் சமையலறைக் காலண்டரையே கழற்றிக்கொண்டு வந்தார். பிள்ளையின் டியூஷன் நாள் சிவப்பு மை, வலி நீல மை. பூஜ்யத்திலிருந்து பத்துவரை தினமும் ஓர் எண். இரண்டு மாதத்தைப் பார்த்ததுமே பீரியட்ஸோடு வந்து போகும் வலி என்று தெரிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொண்டதிலேயே பாதிப் பயம் போய்விட்டது அவருக்கு.

அடுத்தது பிரா. வாங்கிய வருஷம் நினைவில்லை என்றால் மாற்றுங்கள். அளவெடுத்து வாங்குங்கள். வலிக்கிற நாட்களில் தூங்கும்போதும் மெத்தென்ற ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

இதற்கும் அடங்காவிட்டால் டைக்லோஃபெனாக் ஜெல். முட்டிவலிக்குப் பூசுகிறோமே, அதேதான். வலிக்கும் இடத்தில் பூசினால் குறைகிறது என்று ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். வயிற்றுக்கு மாத்திரை அளவுக்குத் தொல்லை தராது. பாரசிட்டமால், ஐபுபுரோஃபெனும் உண்டு. ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தாலோ ஜெல்லுக்கும் கேட்டுவிட்டே வாங்குங்கள். காய்ச்சலும் இருந்தால் ஐபுபுரோஃபெனைத் தொடாதீர்கள். டெங்கியாக இருந்தால் ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும்.

உட்லண்ட்ஸ்: கோப்பியை விட்டால் போய்விடுமா?

ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. விட்டுப் பார்க்கலாம், முதல் சில நாள் தலைவலிக்கும்.

பிடோக், பாட்டு டீச்சர்: டானசோல் எழுதித் தரலாம் என்று மருத்துவர் சொன்னார். போட்டுக்கொள்ளலாமா?

நல்லவேளை, கேட்டீர்கள். இந்த வலிக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. வேலை செய்யும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆண் ஹார்மோனின் சாயல் உள்ள மருந்து. எடை கூடும், பரு வரும், மோவாயில் முடி வரலாம். குரல் கனக்கவும் கூடும். மற்றவை மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மாறும். குரல் மட்டும் பழையபடி திரும்பாமலே போகலாம். மேல் ஸட்ஜத்தில் நிற்க வேண்டியவர் நீங்கள். பாட்டுதான் பிழைப்பு என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பொதுவாக ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம்வரை கொடுத்து, அடங்கியதும் குறைப்பார்கள். சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்கவே கூடாது. அதற்குக் கருத்தடை மாத்திரை வேண்டாம், ஆணுறை போன்ற தடுப்பு முறைதான் சரி. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து.

செங்காங்: எனக்கு டமாக்சிஃபென் கொடுத்திருக்கிறார்கள். அது புற்றுநோய் மாத்திரை ஆச்சே! என்னிடம் மறைக்கிறார்களா?

இல்லைம்மா. மார்பில் ஈஸ்ட்ரோஜென் வேலையைத் தடுக்கிற மாத்திரை அது, அதனால் இந்த வலிக்கும் கேட்கிறது. புற்றுநோய்க்கு வழக்கமாக 20 மில்லிகிராம், வருஷக்கணக்கில். உங்கள் சீட்டில் 10 தானே, மூன்று மாதம்? அதுதான் வித்தியாசம். உடம்பு திடீரென்று சூடாகும். ரத்தக் கட்டி வரும் வாய்ப்பும் கொஞ்சம் கூடும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் உடனே போங்கள். இதற்கும் கர்ப்பத் தடை கட்டாயம்.

தேக்கா பக்கம்: திருச்சியிலிருந்து அக்கா மாத்திரை கொண்டுவந்தாள். வாரம் இரண்டு. பெயர் தெரியவில்லை.

பெயர் எப்படித் தெரியும்? ஊரில் பட்டையைக் கத்தரியால் வெட்டித்தானே கொடுப்பார்கள். பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில். வாரம் இரண்டு என்றால் சென்ட்குரோமேனாக இருக்கலாம். லக்னோ ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்த கருத்தடை மாத்திரை, சஹேலி, சாயா என்று விற்கிறார்கள். மார்பு வலிக்கும் இந்தியாவில் கொடுக்கிறார்கள், பலருக்குக் கேட்கவும் செய்கிறது. ஆனால் பீரியட்ஸ் தள்ளிப்போகும். சினைப்பையில் நீர்க்கட்டி வரலாம். அதை இங்கே யார் பார்ப்பார்கள்? வெட்டிய பட்டையை விழுங்காதீர்கள்.

ஜூரோங்: ப்ரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரை பற்றி யாரும் சொல்லவில்லையே?

சொல்ல ஒன்றுமில்லை. பிரிட்டனில் இதே வலிக்கு மருந்தாகவே அனுமதி வைத்திருந்தார்கள். பலன் போதுமான அளவு நிரூபணமாகவில்லை என்று 2002-இல் எடுத்துவிட்டார்கள்.

பொங்கோல்: அக்கா, மன்னிக்கணும். நான் எட்டு மாதமா சாப்பிடுறேன். எனக்குச் சரியாச்சு. அப்போ நான் பொய் சொல்றேனா?

பொய் என்று நான் சொல்லவில்லை. இந்த வலி வருகிறபடியே போகவும் போகும். பலருக்குச் சில மாதத்தில் மருந்தில்லாமலே தணிகிறது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் கடைக்குப் போகிறோம். அதற்கப்புறம் அது இறங்கினால் பெயர் கையில் இருக்கிற டப்பாவுக்கு. ஆய்வில் ப்ரிம்ரோஸுக்குப் பதிலாக வேறு சாதாரண எண்ணெய் நிரப்பிய மாத்திரை கொடுத்த பெண்களுக்கும் குறைந்திருக்கிறது.

ஜூரோங்: நானும் அதைத்தான் நினைச்சேன். டப்பா விலையைப் பாருங்க!

பொங்கோல்: என் காசு, என் உடம்பு. உங்களுக்கு வலிச்சாத்தான் தெரியும்.

ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். எனக்கு 41 வயதில் வலித்தது. பேருந்தில் பிடிகம்பியைப் பிடிக்கக் கை தூக்க முடியாது. நானும் அந்த டப்பாவை வாங்கியவள்தான். குறைந்ததா என்று கேட்டால், எண் எழுதி வைக்காததால் பதில் இல்லை. பொங்கோல் தங்கச்சி, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எதுவும் சாப்பிடவில்லையே? அந்த எண்ணெயோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடலாம்.

ஹவ்காங்: கோப்பி நிறுத்தினா போகுமா?

மேலே பாருங்கள்.

பாசிர் ரிஸ்: வலி என்றால் புற்றுநோயா? (இதே கேள்வி இன்னும் நான்கு பேர்.)

வலி மட்டும் என்றால் பெரும்பாலும் இல்லை. கட்டி, தோல் குழிவது, காம்பில் ரத்தம், மாதம் முழுக்க ஒரே இடத்தில் வலி, இதில் ஒன்று இருந்தாலும் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். 50 வயதானவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் வேறு விஷயம். அந்தத் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள்.

அங் மோ கியோ: படி ஏறினால் இடது பக்கம் அழுத்துகிறது, வியர்க்கிறது.

இதைப் படிப்பதை நிறுத்துங்கள். ஆம்புலன்ஸுக்கு 995.

தெம்பனிஸ்: பால் கொடுக்கிறேன், ஒரு பக்கம் சிவந்து காய்ச்சல்.

அது வேறு நோய். இன்றே மருத்துவரிடம்.

குவீன்ஸ்டவுன்: கோப்பி…

அம்மா!

பொங்கோல்: ரத்த மருந்து எதுவும் இல்லைக்கா. சரி, ரெண்டு மாசம் நிறுத்திப் பார்க்கிறேன். வலி திரும்பினால்?

ஜெல் வாங்குங்கள். ஜூரோங்கோடு சண்டை போட எண்களோடு வாருங்கள்.