விரல் தயங்கிய இடம்

அன்புள்ள ஐயா,

தோழி ஒருத்தி சொல்லி, இன விருப்பு வெறுப்பை அளக்கும் சோதனையை இணையத்தில் செய்து பார்த்தேன். கறுப்பினத்தவரைவிட வெள்ளையரிடம் எனக்கு வலுவான சாய்வு இருப்பதாக முடிவு வந்தது. இத்தனைக்கும் நான் வெள்ளைக்காரி இல்லை. யாரையும் நிறம் பார்த்து ஒதுக்கியதாக நினைவும் இல்லை. கணவர், “சோதனையே தப்பு, விடு” என்கிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆள் எடுக்கும் நேர்காணல்களில் நானும் உட்காருகிறேன். நான் இனவெறி பிடித்தவளா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நானும் அதைச் செய்திருக்கிறேன். திரையில் வரும் முகங்களையும் நல்ல, கெட்ட சொற்களையும் இடது, வலது விசைகளால் வேகமாகப் பிரிக்க வேண்டும்; எந்த இணையில் விரல் தயங்குகிறது என்பதை வைத்துச் சாய்வைக் கணக்கிடுகிறார்கள். கறுப்பு முகங்களுக்கும் நல்ல சொற்களுக்கும் ஒரே விசையை அழுத்த வேண்டிய கட்டம் வந்தது. ‘மகிழ்ச்சி’ என்ற சொல் திரையில் நிற்கிறது, எந்தப் பக்கம் என்று விரல் தேடுகிறது. முடிவு வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் வந்தது கோபம். கட்டங்களின் வரிசைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டு மறுபடி செய்தேன். அளவு கொஞ்சம் குறைந்தது, சாய்ந்த பக்கம் மாறவில்லை. இந்தச் சோதனையை வளர்த்தெடுத்த ஆய்வாளர்களில் ஒருவரான மஹ்ஸரின் பனாஜி இந்தியாவில் பிறந்தவர். தன் முடிவைக் கண்டு அவரும் அதிர்ந்துபோனதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஒரே ஆளுக்கு இன்று வரும் முடிவும் அடுத்த வாரம் வரும் முடிவும் வேறுபடலாம். ஒரு தனி மனிதரை எடைபோட இதைப் பயன்படுத்தக் கூடாது என்று உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள். ஆகவே உங்கள் கேள்விக்கு அந்தச் சோதனையால் பதில் சொல்ல முடியாது.

ஆனால் அதோடு விட்டுவிட மனம் வரவில்லை. பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5,000 விண்ணப்பங்களை வேலைக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. தகுதியில் வேறுபாடு இல்லை, மாறியது பெயர் மட்டும். வெள்ளையர் பெயர் போலத் தோன்றியவற்றுக்கு 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. மற்றவற்றை ஒதுக்கி வைத்தவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே, தாங்கள் நிறம் பார்ப்பதில்லை என்று மனதார நம்பியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இதுதான் வலிக்கிறது.

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் நடுவர்கள் வேற்று இன ஆட்டக்காரர்களுக்குச் சற்றுக் கூடுதலாக ஃபவுல் கொடுக்கிறார்கள் என்ற ஆய்வு 2007இல் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. லீக் அதை மறுத்தது. ஆனால் அதற்குப் பிந்தைய ஆட்டங்களை அதே ஆய்வாளர்கள் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்திருந்தது. கோபம், மறுப்பு, தூக்கம் கெடுவது எல்லாம் முதல் சில நாட்களின் விஷயம். விசில் ஊதும் அந்த நொடியில் என்ன செய்கிறோம் என்பது வேறு.

மனதைத் துடைத்துச் சுத்தம் செய்துவிடலாம் என்றும் நம்பாதீர்கள். இப்படிப்பட்ட சாய்வைக் குறைப்பதற்கான ஒன்பது குறும்பயிற்சிகளை 6,000க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். உடனடியாகப் பலன் தெரிந்தது. சில மணி நேரத்தில், மிஞ்சினால் சில நாளில், அது கரைந்துபோனது.

சரி, உங்கள் கையில் இருப்பது நேர்காணல். முதல் வடிகட்டலில் பெயர்களை மறைத்து விண்ணப்பங்களைப் படியுங்கள். கேள்விகளை முன்கூட்டியே எழுதி, எல்லோரிடமும் அவற்றையே கேளுங்கள். மற்றவர்களோடு கலந்து பேசுவதற்கு முன் உங்கள் மதிப்பெண்ணைப் போட்டுவிடுங்கள். “ஆள் நம்ம குழுவுக்கு ஒத்துவர மாட்டார்” என்று யாராவது சொன்னால், எந்தப் பதிலை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். அதைச் சொல்பவர் நீங்களாக இருந்தாலும் கேளுங்கள். இரண்டு மூன்று நேர்காணல் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.