பட்நாகரின் லாகூர் வருடங்கள்

அன்புள்ள ஐயா,

நான் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. பிசிக்கல் கெமிஸ்ட்ரியில் ஆய்வு செய்து, பிறகு ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக வேண்டும் என்பது என் ஆசை. சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பெயரிலான விருது பற்றி வகுப்பில் பேச்சு வந்தபோது எங்கள் ஆசிரியர் ஒருவர், “பட்நாகர் நல்ல நிர்வாகி. நேருவின் ஆதரவில் ஆய்வகங்கள் கட்டினார். மற்றபடி விஞ்ஞானி என்று சொல்ல ஒன்றும் இல்லை” என்றார். தேடிப் பார்த்தால் பெரும்பாலான கட்டுரைகள் சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு) என்றுதான் தொடங்குகின்றன. அதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? என்னைப் போன்றவர்கள் அவரிடம் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

ம., தேவகோட்டை

அன்புள்ள ம.,

உங்கள் ஆசிரியரோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1942க்குப் பிறகான பட்நாகரை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். ஆனால் அதற்கு முன் அவர் பேராசிரியர். காசியில் 3 வருடம், லாகூரில் 16 வருடம். நீங்கள் கேட்டது அந்தக் காலத்தைப் பற்றி என்பதால் அதையே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1894இல் பேரா என்ற ஊரில் பிறந்தார். இன்று அது பாகிஸ்தானின் பஞ்சாபில் இருக்கிறது. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அம்மா வழித் தாத்தா வீட்டில்தான் வளர்ந்தார். தாத்தா பொறியாளர். லாகூரில் படித்துக்கொண்டிருந்த பையன் 1911இல், சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகான மொலாசஸையும் கரிப் பொருளையும் சேர்த்து அழுத்தத்தில் சூடாக்கி மின்கலத்துக்கான மின்முனை செய்யலாம் என்று அலகாபாத் ‘லீடர்’ பத்திரிகையில் எழுதினான். பிறகு ஃபோர்மன் கிறித்தவக் கல்லூரியில் பி.எஸ்சி.க்கு இயற்பியல், எம்.எஸ்சி.க்கு வேதியியல். அவருடைய பிற்கால வேலை முழுவதும் இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் நடந்தது.

தயாள் சிங் கல்லூரி அறக்கட்டளையின் உதவித்தொகையோடு 1919இல் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். லண்டன் வரை போயாகிவிட்டது. அதற்கு மேல் கப்பலில் இடமில்லை, போர் முடிந்து ஊர் திரும்பும் அமெரிக்கச் சிப்பாய்களுக்கே எல்லாம் ஒதுக்கப்பட்டிருந்தது. சரி, இங்கேயே படிப்போம் என்று அறக்கட்டளையின் சம்மதத்தோடு லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் எஃப். ஜி. டானனிடம் சேர்ந்தார். நீங்கள் பாடத்தில் படிக்கும் டானன் சவ்வுச் சமநிலை இவருடையதுதான். உயர் கொழுப்பு அமிலங்களின் உப்புகள் எண்ணெயில் எவ்வளவு கரைகின்றன, கரைந்தால் எண்ணெயின் பரப்பு இழுவிசை எப்படி மாறுகிறது என்பது ஆய்வுத் தலைப்பு. 1921இல் டி.எஸ்சி. பட்டம். அதே வருடம் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அங்கே இன்றும் பாடப்படும் பல்கலைக்கழகப் பாடலை எழுதியவர் அவர்தான்.

1924இல் பஞ்சாப் பல்கலைக்கழகம் அவரை லாகூருக்கு அழைத்துக்கொண்டது. இயற்பிய வேதியியல் (பிசிக்கல் கெமிஸ்ட்ரி) பேராசிரியர் பதவியும் பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகங்களின் இயக்குநர் பொறுப்பும் சேர்ந்து வந்தன.

அங்கே நடந்த ஒன்றை மாணவர்களிடம் நான் விடாமல் சொல்வதுண்டு. ராவல்பிண்டிப் பக்கம் அட்டாக் எண்ணெய் நிறுவனம் கிணறு தோண்டிக்கொண்டிருந்தது. துளையிடும்போது களிமண் சேற்றை உள்ளே செலுத்துவார்கள். துளைக்கருவியைக் குளிர்விப்பது, வெட்டிய பாறைத் துகள்களை மேலே கொண்டுவருவது, துளையின் சுவர் சரியாமல் தாங்குவது, இத்தனையும் அந்தச் சேற்றின் வேலை. அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பூமிக்கடியில் உப்புநீர் தட்டுப்பட்டதும் சேறு இறுகிக் கெட்டியாகி, துளையிடுவதே நின்றுபோனது.

பொறியாளர்களுக்கு இது இயந்திரத் தொல்லை. பட்நாகருக்கு இது கூழ்மப் பிரச்சினை, அதாவது நீரில் கரையாமல் மிதக்கும் நுண்துகள்களின் பிரச்சினை. களிமண் துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்குவதால்தான் நீரில் மிதக்கின்றன. உப்பின் அயனிகள் வந்ததும் அந்த விலக்கம் குறைந்துவிடும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும். உப்பு விழுந்த பால் போலச் சேறு திரிந்துபோகிறது. அப்படியானால் துகள்களுக்கு ஒரு காப்பு வேண்டும். இந்தியாவில் கிடைக்கும் ஒரு மரப்பிசினைச் சேர்த்துப் பார்த்தார். சேற்றின் பாகுத்தன்மை குறைந்தது, உப்பு பட்டாலும் திரியவில்லை. லண்டனில் எண்ணெயையும் பரப்பு இழுவிசையையும் படித்த படிப்பு இங்கே சோறு போட்டது.

எண்ணெய் நிறுவனத்தின் முகவர்களான ஸ்டீல் பிரதர்ஸ் நிறுவனத்தார் மகிழ்ந்துபோய் மேலும் பெட்ரோலிய ஆய்வுக்காக அவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் தர முன்வந்தார்கள். அந்தக் காலத்து ஒன்றரை லட்சம்! அதைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுங்கள் என்றார். அந்தப் பணத்தில் லாகூரில் பெட்ரோலிய ஆய்வுத் துறை தொடங்கியது, மாணவர்களுக்கு ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. தொழிற்சாலைகளின் கேள்விகளைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்து, அவற்றை வைத்தே மாணவர்களை உருவாக்க முடியும் என்று காட்டியவர் அவர்.

இது பயன்பாட்டு வேலைதானே, அடிப்படை அறிவியல் எங்கே என்று உங்கள் ஆசிரியர் கேட்கக்கூடும். காந்த வேதியியல் இருக்கிறது. 1928இல் கே. என். மாத்தூரோடு சேர்ந்து அவர் ஒரு காந்தத் தராசு வடிவமைத்தார். இணைசேராத எலக்ட்ரான்கள் உள்ள பொருளைக் காந்தப்புலம் உள்ளே இழுக்கும், இல்லாததை மெல்ல வெளியே தள்ளும். ஃபெரஸ் சல்பேட்டிலும் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடிலும் இருப்பது ஒரே +2 இரும்புதான். முன்னதில் நான்கு இணைசேரா எலக்ட்ரான்கள், பின்னதில் ஒன்றுகூட இல்லை. தராசு அந்த வித்தியாசத்தைக் காட்டிவிடும். ஆனால் வெளியே தள்ளும் விசை மிகமிகச் சிறியது. அந்த நுண்ணிய நகர்வை, ஒளிக்கற்றைகள் ஒன்றோடொன்று சேரும்போது தோன்றும் குறுக்கீட்டு வரிகளை வைத்து அளப்பதுதான் பட்நாகர்–மாத்தூர் தராசின் சிறப்பு. லண்டனின் ஆடம் ஹில்கர் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. லாகூரில் பிறந்த கருவியை லண்டன்காரர்கள் செய்து விற்றார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. 1935இல் இருவரும் காந்த வேதியியலுக்கு ஆங்கிலத்தில் ஒரு முழு நூல் எழுதினார்கள், மாக்மில்லன் வெளியிட்டது. 1943இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1940இல் லாகூரை விட்டார். போர்க்காலம். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் வணிகத்துறையைப் பார்த்துவந்த ஆற்காடு ராமசாமி முதலியாரின் முயற்சியில் தொழில் ஆராய்ச்சி வாரியம் அமைந்தது, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் ஒதுக்கீடு. பட்நாகர் அதன் இயக்குநர். 1942இல் சி.எஸ்.ஐ.ஆர்., விடுதலைக்குப் பின் ஆய்வகங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்துக் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமும் அந்த வரிசைதான். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நேருவின் ஆதரவு இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்காது, உண்மை. ஆனால் அதற்கும் முன்பே, பிரிட்டிஷ் ஆட்சியில், அவரைத் தேடி வந்து அழைத்ததற்குக் காரணம் லாகூரில் அவர் செய்த வேலை.

எனக்கும் அவர்மேல் ஒரு குறை உண்டு, அது வேறு. லாகூரில் ஆய்வும் பாடமும் ஒரே கட்டடத்தில் நடந்தன. பிசினைக் கலக்கிப் பார்ப்பவரே வகுப்பும் எடுத்தார். அந்த ருசியை அறிந்தவர், தேசிய ஆய்வகங்களை மாணவர்கள் இல்லாத இடங்களாக, பல்கலைக்கழகங்களுக்கு வெளியே கட்டினார். நல்ல ஆட்களும் பணமும் அந்தப் பக்கம் போயின. சி. வி. ராமன் இதை ‘நேரு–பட்நாகர் விளைவு’ என்று சாடினார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உங்கள் கல்லூரியில் ஒரு நல்ல கருவிக்கு நீங்கள் காத்துக்கிடப்பதன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. 1953 டிசம்பரில் தொடங்கிய பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு முதல் தலைவரும் அவர்தான். சரிசெய்ய நேரம் கிடைத்திருந்தால் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். 1955 ஜனவரி 1 அன்று மாரடைப்பில் இறந்துபோனார்.

கற்றுக்கொள்ள என்ன என்று கேட்டீர்கள். உங்கள் ஊரைச் சுற்றி யாராவது ஒரு தொழிலில் எதனோடாவது மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். போய்க் கேளுங்கள், அதில் உங்கள் பாடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம், உங்கள் ஆய்வகத்தில் கூய் தராசு இருக்கும், காந்தப்புலத்தில் ஒரு பொருளின் எடை எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் கருவி. மேலே சொன்ன இரண்டு இரும்பு உப்புகளையும் அதில் வைத்து அளந்துவிட்டு, என்ன கிடைத்தது என்று எழுதுங்கள்.