வட்டின்னா கூடையா?

கேள்வி: புறநானூறு படிக்கும்போது 'மான்தசை சொரிந்த வட்டி'ன்னு வருது. இது கடனுக்குக் கட்டுற வட்டியா, வேற ஏதாச்சுமா?

பதில்: வேறதான். இந்த வட்டி கூடை, இன்னைக்கும் யாழ்ப்பாணத்துல கடகம்னும் நெல்லைப் பக்கம் கடகப்பெட்டின்னும் சொல்றாங்களே அந்த பனையோலைப் பெட்டி மாதிரி ஒண்ணுன்னு வச்சுக்கோங்க. நீங்க கேட்டது 33ஆம் பாட்டு, கோவூர் கிழார் பாடினது, வேட்டுவன் வட்டி நிறைய மான் கறி கொண்டுவந்து கொட்டுறான், ஆய்மகள், அதாவது இடையர் வீட்டுப் பொண்ணு, பானையில தயிர் கொண்டுவர்றா, உழவர் வீட்டுப் பொண்ணுங்க அதுக்குப் பதிலா நெல்லை அள்ளிக் குடுக்குறாங்க, முழுக்க பண்டமாற்றுதான். ஐங்குறுநூறு 47ஆம் பாட்டு எனக்கு இன்னும் பிடிக்கும், பாண்மகள், அதாவது பாணர் வீட்டுப் பொண்ணு, கெடிறு மீனைக் கொட்டிட்டு நிக்கிறா, வீட்டுக்காரி அதே வட்டி நிறைய பயறு போட்டு அனுப்புறா, அப்போ வட்டி வெறும் கூடை மட்டுமில்ல, கொடுக்கல் வாங்கலுக்கு அளவாவும் இருந்திருக்குன்னு தோணுது. பழைய பாட்டுல வட்டி பக்கத்துல சொரிந்த, நிறைய மாதிரி சொல் வந்தா தயங்காம கூடைன்னே படிங்க. சாப்பிடுற வட்டில் வேற, அதோட இதைக் குழப்பிக்காதீங்க.