ஒரே ஒரு 'டக்': ஜெட் படகின் எஞ்சின் சுழலாதபோது முதலில் செய்ய வேண்டியது

கேள்வி: நானும் மைத்துனரும் சேர்ந்து பழைய ஜெட் படகொன்றை வாங்கிப் பொல்கொடை வாவிக்கரையில் வைத்திருக்கிறோம். ஜப்பான் தயாரிப்பு, 4 சிலிண்டர், 4 ஸ்ட்ரோக் பெற்றோல் எஞ்சின். ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஓடியது. கரையேற்றியபின், படகைப் பார்த்துக்கொள்பவர் எஞ்சினைக் கழுவுவதற்காக ஹோஸைப் பூட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் செய்திருக்கிறார். 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. மறுபடி அழுத்தினாலும் அதே சத்தம்தான். பற்றரி புதியது. தரகர் ஒருவர் வந்து பார்த்து, எஞ்சின் இறுகிவிட்டது, ஈசியூவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) போயிருக்கும் என்கிறார். பஞ்சிகாவத்தையில் உள்ள ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்றை 8 இலட்சம் ரூபாய்க்குப் பூட்டித் தருவதாகவும், பழைய எஞ்சினை 60 ஆயிரத்துக்கு அவரே எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். வெள்ளிக்கிழமை முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
(வாசகர், வெள்ளவத்தை)

பதில்: கொடுக்க வேண்டாம். அதைவிட அவசரமானது, ஸ்டார்ட் பொத்தானை இனி ஒரு தடவைகூட அழுத்த வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் வீட்டில் யாராவது "இன்னும் ஒருமுறை முயன்று பார்ப்போமே" என்று கிளம்பினால், முதலில் அவரைத் தடுத்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. தண்ணீரை முதலில் திறந்துவிட்டு, எஞ்சினைப் பிறகு ஸ்டார்ட் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஜெட் படகு எஞ்சின்களில் பெரும்பாலானவற்றின் புகைக்குழாயைக் குளிர்விப்பது வெளியிலிருந்து வரும் தண்ணீரே. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் வெளியேறும் புகை அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாகப் போய்விடும். எஞ்சின் நின்றிருக்கும்போது ஹோஸைத் திறந்தால் தள்ளுவதற்குப் புகை இல்லை. தண்ணீர் புகைக்குழாயில் நிறைந்து, திறந்திருக்கும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்குகிறது. உங்கள் படகில் நடந்திருப்பது இதுவாகவே இருக்கக்கூடும்.

அதனால் எஞ்சின் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்பீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சை எடுத்து, வாயை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள். உள்ளே காற்றிருந்தால் பாதிவரை அமுங்கும். தண்ணீரை நிரப்பி அழுத்தினால் அசையாது. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வரும்போதும் இதுதான் நடக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் தன் முழுப் பலத்தையும் கொடுத்துத் தள்ளுகிறது, தண்ணீர் அமுங்க மறுக்கிறது, பிஸ்டனைத் தாங்கும் தண்டு நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது. முதல் 'டக்'கில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் பத்தாவது தடவையில், அல்லது யாராவது இன்னும் பலமான பற்றரியைக் கொண்டுவந்து கொடுக்கும்போது, அந்தத் தண்டு வளையலாம். வளைந்தபின் தரகர் சொன்ன விலை உண்மையாகவே நியாயமாகிவிடும்.

பலமான பற்றரி என்றதும் ஒன்றை எழுதாமல் விட முடியவில்லை. பக்கத்தில் நிற்கும் லொறியிலிருந்து கேபிள் இழுத்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம் படகுத்துறைகளில் பரவலாக இருக்கிறது. பெரிய லொறிகளும் பஸ்களும் பெரும்பாலும் 24 வோல்ட். உங்கள் படகு 12 வோல்ட். அந்தக் கேபிள் பட்ட நொடியில் ஈசியூ எரிந்துபோகலாம். 'ஈசியூ போயிற்று' என்று இப்போது வெறுமனே சொல்பவர், நாளை இந்தக் காரியத்தைச் செய்து தன் வாக்கைத் தானே மெய்யாக்கிவிடுவார். உங்கள் எஞ்சினில் ஈசியூ பழுதானதற்கு ஓர் அறிகுறியும் நீங்கள் எழுதவில்லை. பொத்தானை அழுத்தினால் ஒரு சத்தம் வருகிறது என்றால், ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு பூட்டியிருக்கிறது, பியூஸ் உயிரோடு இருக்கிறது, கட்டளை ஸ்டார்ட்டர்வரை போய்ச் சேருகிறது என்பதே பொருள். சத்தமே இல்லையென்றால் கயிற்றையும் பியூஸையும் பார்க்கச் சொல்லியிருப்பேன். 'டக்டக்டக்' என்று தொடர்ந்து அடித்தால் பற்றரி பலவீனம் என்றிருப்பேன். ஒரே ஒரு 'டக்' கேட்டு எஞ்சின் அசையாமல் நிற்பது, பெரும்பாலும் எஞ்சினை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கான அடையாளம். பெற்றோல், இன்ஜெக்டர், பில்டர் என்று எவராவது பேச்செடுத்தால் அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். சுழலாத எஞ்சினுக்குப் பெற்றோல் நல்லதா கெட்டதா என்பது இப்போதைக்குக் கேள்வியே அல்ல.

பற்றரி புதியது என்றாலும் ஒரு தடவை அளந்து வையுங்கள். சும்மா இருக்கும்போது மல்ரிமீற்றரில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.0க்குக் கீழே போனால் அது கிட்டத்தட்டக் காலி. முனைகளில் பச்சைப் பொருக்குப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நமது கடற்காற்றில் மூன்று மாதம் போதும், அந்தப் பொருக்குப் படர.

இனி வேலை. படகு ட்ரெய்லரில் இருக்கட்டும். எஞ்சின் அறையின் மூடியைத் திறந்து முதலில் மோந்து பாருங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் விசிறியான புளோவரைக் குறைந்தது 4 நிமிடங்கள் ஓடவிட்டு, வாசனை இல்லையென்று உறுதியான பிறகு அதை நிறுத்தி, பற்றரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். பிளக்குகளின் மேலிருந்து அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில்களை எடுத்துவிட்டு, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எந்தப் பிளக் எந்தச் சிலிண்டருக்குரியது என்று ஒரு பழைய முட்டைத் தட்டில் வரிசையாக அடுக்குங்கள். அவற்றில் ஒன்றிலோ இரண்டிலோ முனையில் நீர்த்துளி நின்றால், அல்லது துளைக்குள் டோர்ச் அடிக்கும்போது கண்ணாடிபோல ஒன்று மினுங்கினால், உங்கள் 8 இலட்சத்துக்கான விடை கிடைத்துவிட்டது.

அடுத்து, எஞ்சினையும், தண்ணீரைப் பீய்ச்சிப் படகைத் தள்ளும் ஜெட் பம்பையும் இணைக்கும் தண்டைப் படகின் உள்ளிருந்தே கையால் திருப்பிப் பாருங்கள். கையில் வழுக்கினால் ஒரு பட்டியைச் சுற்றித் திருப்பலாம். பிளக்குகள் இல்லாத எஞ்சின் மெதுவாகவாவது சுழல வேண்டும். சுழலச் சுழல அந்தத் துளைகளிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வெளியே வரும். முகத்தை நேரே நீட்ட வேண்டாம். தண்ணீர் வருவது நின்றபின், பெற்றோல் பம்பின் மின்னிணைப்பைக் கழற்றி, கொயில்களின் இணைப்புகளையும் கழற்றிய நிலையிலேயே வைத்து, பற்றரியைப் பூட்டி, ஸ்டார்ட்டரை 3, 4 விநாடிகள் மட்டும் ஓடவிட்டு நிறுத்துங்கள். இடையில் கால் நிமிடமாவது ஓய்வு கொடுத்து, துளைகள் உலரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பொத்தானை அழுத்தக் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னேனே என்பீர்கள். பிளக்குகள் கழன்றிருக்கும்போது தண்ணீருக்கு வெளியேற வழி இருக்கிறது, ஆகவே இப்போது பயமில்லை.

எண்ணெய்க் கோலை இழுத்துப் பாருங்கள். பால் தேநீரின் நிறத்தில் எண்ணெய் இருந்தால் தண்ணீர் அதற்குள்ளும் இறங்கிவிட்டது. எண்ணெயையும் பில்டரையும் மாற்றி, எஞ்சினை ஓட்டிச் சூடாக்கியபின் இன்னொரு முறையும் மாற்ற வேண்டும். இதற்கு ஆகும் செலவு தரகர் கேட்கும் முற்பணத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

தண்டு திரும்பவே இல்லை என்றால் உடனே மனம் தளர வேண்டாம். ஜெட் பம்பு பெரும்பாலான படகுகளில் எஞ்சினோடு நேரடியாகப் பூட்டப்பட்டிருக்கிறது, நடுவில் நியூற்றல் என்று ஒன்றில்லை. பம்பு சிக்கினால் எஞ்சினும் சிக்கும். சில ஆண்டுகளுக்கு முன்னர் இதே வாவிக்கரையில் 'இறுகிப்போனது' என்று விலை பேசப்பட்ட எஞ்சின் ஒன்றைப் பார்க்க என்னை அழைத்தார்கள். படகின் அடியில் மல்லாந்து படுத்து, பம்பு தண்ணீரை உறிஞ்சும் வாயிலுள்ள கம்பித் தட்டிக்குள் விரல் விட்டபோது நைலோன் இழையின் நுனி ஒன்று தட்டுப்பட்டது. இழுத்தால் வரவில்லை. தட்டியைக் கழற்றியபின் பார்த்தால் மீன்வலைக் கயிறு, நீல நிறம், பம்புக்குள் சுழலும் விசிறியான இம்பெல்லருக்கும் அதன் உறைக்கும் நடுவில் உருகி ஒட்டி, கட்டைபோல இறுகியிருந்தது. கத்தியால் சிறிது சிறிதாக அறுத்தெடுக்க ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று. அன்று மாலையே அந்தப் படகு ஓடியது. அந்த எஞ்சினைப் பழைய இரும்பு விலைக்குக் கேட்டவர் அதுவரை கரையிலேயே காத்திருந்தார். பழையதை 60 ஆயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று உங்கள் தரகர் சொன்னதைப் படித்தபோது எனக்கு அந்த நீலக் கயிறுதான் நினைவுக்கு வந்தது. உண்மையாகவே இறுகிப்போன எஞ்சினுக்கு அவ்வளவு பணம் கொடுக்க எந்தத் தரகருக்கும் எளிதில் மனம் வராது. இம்பெல்லரைத் தொடும் முன் பற்றரி கழற்றப்பட்டிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள், கையுறையும் அணியுங்கள். அதன் விளிம்பு கத்திபோல வெட்டும்.

பம்பிலும் ஒன்றுமில்லை, தண்டும் அசையவில்லை என்றால், உள்ளே துரு பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். துளை ஒவ்வொன்றிலும் துருவை இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்துக் காலையில் திருப்புங்கள். தண்ணீர் உள்ளே நின்ற ஒவ்வொரு நாளும் பிஸ்டன் வளையங்களைத் தின்கிறது. ஆகவே வெள்ளிவரை காத்திருக்காமல் இன்றே பிளக்குகளைக் கழற்றச் சொல்கிறேன்.

படகைப் பார்த்துக்கொள்பவர்மீது கோபப்படாதீர்கள். அவர் செய்தது முட்டாள்தனம் அல்ல. வேறோர் எஞ்சினுக்குச் சரியான முறையை இந்த எஞ்சினுக்குச் செய்துவிட்டார். படகின் பின்புறம் தொங்கும் வெளியிணைப்பு இயந்திரங்கள் பலவற்றில் ஹோஸ் பூட்டும் முனை ஒன்று உண்டு. அதில் எஞ்சினை நிறுத்தி வைத்துத்தான் தண்ணீர் விடச் சொல்கிறார்கள். அங்கே தண்ணீர் மேலிருந்து கீழே வழிந்து போய்விடும், சிலிண்டர் உயரத்தில் இருக்கும், ஆபத்தில்லை. நீர்கொழும்புக் களப்பிலும் முகத்துவாரத்திலும் வேலை பழகிய எவருக்கும் கை அப்படியே பழகியிருக்கும். ஜெட் படகில் எஞ்சின் தாழ்வாகப் படுத்திருக்கிறது, புகைக்குழாயில் தண்ணீர் தேங்க இடம் இருக்கிறது. 'எங்கள் படகில் கூலன்ட் உள்ள மூடிய குளிர்விப்பு, அதற்கு இந்த விதி இல்லை' என்று ஒருவர் உங்களிடம் சொல்லக்கூடும். அதையும் நம்ப வேண்டாம். அப்படிப்பட்ட எஞ்சின்களிலும் புகைக்குழாயைக் குளிர்விக்க வெளித்தண்ணீர் போவது வழக்கம். ஆகவே விதி அங்கேயும் அதுவே. முதலில் எஞ்சின், உடனே தண்ணீர். முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூடி, எஞ்சினைச் சில விநாடிகள் உறுமவிட்டுத் தேங்கியதை வெளியேற்றி, அதன்பின் எஞ்சினை நிறுத்த வேண்டும். தண்ணீரில்லாமல் 15 விநாடிகளுக்கு மேல் ஓடவிடக் கூடாது.

இந்த நாலு வரியைப் படகோடு வந்த கையேட்டில் அச்சிட்டிருப்பார்கள், ஆங்கிலத்தில். தமிழிலோ சிங்களத்திலோ அப்படி ஒரு பக்கத்தை நான் எந்தப் படகிலும் கண்டதில்லை. வீதியில் ஓடும் முச்சக்கர வண்டிக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்று நிற்கிறோம், ஆட்களை ஏற்றிக்கொண்டு வாவியில் பாயும் படகின் எஞ்சினைத் திறப்பவரிடம் "எங்கே படித்தாய்?" என்று ஒருவரும் கேட்பதில்லை. மட்டக்குளி காக்கைத்தீவில் உள்ள சமுத்திரப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் படகு இயந்திரம் முறையாகப் பயின்ற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் வெளிநாட்டுக் கப்பலுக்குப் போகிறார்கள், துறையிலே தரகர் மிஞ்சுகிறார். இது எனக்குப் பல ஆண்டு மனவருத்தம்.

உங்களுக்கு உதவும் மெக்கானிக்கை நீங்களே தேடுங்கள், தரகர் மூலம் வேண்டாம். வேலை தொடங்கும் முன் எஞ்சின் இலக்கத்தையும் ஈசியூவின் இலக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். கழற்றிய எந்தப் பாகமும் படகைவிட்டு வெளியே போக வேண்டாம். "கடையில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று போன நல்ல ஈசியூ, திரும்பி வரும்போது வேறோர் ஈசியூவாக வந்த கதைகள் எனக்குத் தெரியும்.

எஞ்சின் உலர்ந்தபின், புதிய பிளக்குகளைப் பூட்டுவதற்கு முன்னர், நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் (பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே எழும் அழுத்தம்) அளக்கச் சொல்லுங்கள். நான்கு எண்ணும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இருந்தால் பிளக்கைப் பூட்டி, மேலே சொன்ன ஒழுங்கில் ஸ்டார்ட் செய்து, அன்றைக்கே எஞ்சினை நன்றாகச் சூடேற ஓட்டுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் அப்போதுதான் போகும். ஓர் எண் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதும் குறைந்திருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் அந்த நான்கு எண்களையும், எந்தச் சிலிண்டரின் பிளக்கில் தண்ணீர் இருந்தது என்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்திருக்கிறதா என்பதை அந்த எண்களை வைத்துத்தான் பேச முடியும்.