வாசகர் கேள்வி: சந்தா கட்டிப் பார்த்த நாடகம்

கேள்வி: ஆங்கில நாடகாசிரியர் எட்வர்ட் பாண்ட் எழுதிய 'சேவ்ட்' நாடகத்தைத் தமிழில் மேடையேற்றும் எண்ணத்தில் எங்கள் குழுவினர் வாரந்தோறும் கூடிப் படித்து வருகிறோம். தணிக்கை குறுக்கே நின்றும் 1965-இல் லண்டனில் அதை எப்படி நடித்தார்கள்?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அன்றைய பிரிட்டனில் பொதுமக்களிடம் கட்டணம் பெற்று நடிக்கும் புதிய நாடகம் எதுவானாலும், அதன் பிரதியை 'லார்ட் சேம்பர்லின்' என்னும் அரண்மனை அதிகாரியின் அலுவலகத்துக்கு முன்கூட்டியே அனுப்பி உரிமம் பெற வேண்டும் என்பது 1843-ஆம் ஆண்டுச் சட்டம். பூங்காவில், தள்ளுவண்டியில் கிடக்கும் கைக்குழந்தையை இளைஞர்கள் கல்லெறிந்து கொல்லும் காட்சியை அவர்கள் ஏற்காததில் வியப்பில்லை. ஆனால் நடுவயதுப் பெண்ணொருத்தி நாற்காலியில் காலை ஊன்றி நிற்க, அவள் அணிந்திருக்கும் காலுறையின் கிழிசலை அவ்வீட்டில் தங்கியிருக்கும் இளைஞன் குனிந்து தைக்கும் காட்சியும் கூடாது என்றார்கள். ஊசியும் நூலும் ஒரு காலும் மட்டுமே உள்ள அந்த இடத்தில் வசனத்தை விட மௌனம்தான் அவர்களை உறுத்தியிருக்கும் என்பது என் எண்ணம். பாண்ட் எதையும் வெட்ட மறுத்துவிட்டார்.

எனவே ராயல் கோர்ட் அரங்கத்தார், சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு மட்டும் நடக்கும் சங்க நிகழ்ச்சி என்று சொல்லி 1965 நவம்பரில் அதை மேடையேற்றினார்கள். இந்த உபாயத்தை அதிகாரிகள் நெடுங்காலமாகக் கண்டும் காணாமல் இருந்தவர்கள்தாம். இம்முறை வழக்குத் தொடுத்தார்கள். புகழ்பெற்ற நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் நாடகத்துக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். இருந்தும், சங்க நிகழ்ச்சிக்கும் சட்டம் பொருந்தும் என்று 1966-இல் நீதிபதி தீர்ப்பளித்தார். தண்டனை என்னவோ பெயரளவுக்குத்தான்.

புதுச்சேரிக்காரரான நீங்கள் ரசிக்கக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு. அயர்லாந்து நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட்டின் 'எண்ட்கேம்' நாடகம் 1957-இல் அதே அரங்கில் பிரெஞ்சு மொழியில் தடையின்றி நடந்தது. ஆங்கிலத்தில் நடிக்க முனைந்தபோதோ, கடவுளை வைது 'அவன் இல்லவே இல்லை' என்னும் வரியில் வசவுச் சொல் ஆகாது என்றார்கள். நீண்ட இழுபறிக்குப் பின் அவ்விடத்தில் 'பன்றி' என்ற பொருள்படும் சொல்லைப் போட்ட பிறகே 1958-இல் ஆங்கில நாடகம் அரங்கேறியது. பிரெஞ்சில் வைதால் கடவுளுக்குக் கேட்காது என்று நினைத்தார்களோ என்னவோ. உங்கள் ஊர் முன்வரிசையில் அந்தச் சலுகை செல்லாது.

1968 செப்டம்பரில் இந்த முன்தணிக்கை சட்டப்படியே ஒழிந்தது. அடுத்த ஆண்டு 'சேவ்ட்' அதே ராயல் கோர்ட்டில், சந்தா ஏதுமின்றி, சாதாரண நுழைவுச்சீட்டுக்கு நடந்தது; காலுறைக் காட்சியும் அதில் இருந்தது.